புறத்தேர்வாளர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

முல்லைவேலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேறொரு பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்புக்குப் புறத்தேர்வாளராக இருக்கும்படி முதன்முறையாக எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஏற்றுக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் கடிதத்தில் சில இடங்கள் உறுத்துகின்றன. தேர்வு முடிந்து, விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண்ணும் போட்ட பிறகுதான் எனக்கு அனுப்புவார்களாம். தேர்வுக் குழுக் கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு கட்டு வந்து சேரும். வினாத்தாளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கூட்டத்துக்கு வந்து, மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட்டு, இரண்டு பக்க அறிக்கை தந்தால் போதும் என்கிறார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு வந்து சேரும் ஒருவரால் என்ன செய்ய முடியும்? ஒரு விடைத்தாளுக்கு 58 போட்டிருக்கிறார்கள்; எனக்கு 65 தகும் என்று படுகிறது. மாற்றச் சொல்லலாமா? அவர்கள் மறுத்தால் நான் கையொப்பமிட மறுக்கலாமா? இந்தப் பணியைச் செய்து பழகியவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

நெடும்பாதை எழுதியது:

அம்மா, ஏற்பதற்கு முன்பே இதைக் கேட்டது நல்லது. பெரும்பாலோர் முதல் கூட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

முதலில் அந்த 58. தனி விடைத்தாளின் மதிப்பெண்ணைத் தொடாதீர்கள். உங்களுக்கு வருவது மாதிரிக் கட்டு. 120 பேர் எழுதியிருந்தால் அதில் பதினைந்தோ இருபதோ தாள்கள் இருக்கும். அவற்றில் ஒன்றுக்கு நீங்கள் ஏழு மதிப்பெண் கூட்டிவிட்டால், அதே ஆசிரியர் அதே கடுமையோடு திருத்தி, கட்டில் இடம்பெறாமல் போன நூறு பேருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? தாள் உங்கள் கைக்கு வந்தது தற்செயல். அந்தத் தற்செயலுக்கு மதிப்பெண் கிடைக்கக்கூடாது.

பிழையைக் கண்டால் பேசாமல் இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. கூட்டலில் தவறு, ஒரு பக்கம் திருத்தப்படாமல் விடுபட்டது போன்றவற்றை உடனே சரிசெய்யச் சொல்லலாம். அத்தோடு விடாமல், அதே வகைப் பிழை மற்ற தாள்களிலும் உண்டா என்று முழுக் கட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தியவரின் கடுமையோ தாராளமோதான் சிக்கல் என்றால், அவர் திருத்திய தாள்கள் அனைத்துக்கும் மறுமதிப்பீடு கேளுங்கள். மாணவரை மதிப்பிடும் பொறுப்பு அந்தத் துறை ஆசிரியர்களுடையது. அவர்கள் மதிப்பிட்ட முறை நியாயமானதா என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும் வேறு. அங்கே நீங்கள் முழுத் தேர்வாளர். உங்கள் தீர்ப்பே முடிவின் ஒரு பகுதி. பிரிட்டனில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் பொதுவாக அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகத்தேர்வாளர் ஒருவரும் புறத்தேர்வாளர் ஒருவரும் இருப்பார்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி ஆய்வேட்டைக் குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும். அந்தப் பணிக்குரிய அதிகாரத்தை இந்தப் பணிக்கும் உரியது என்று எண்ணிக்கொண்டு வருபவர்களால்தான் தேர்வுக் குழுவில் பாதி சண்டைகள் வருகின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது வினாத்தாளைப் பற்றிய மௌனம். கெட்ட வினாவைத் திருத்தும் மேசையில் யாராலும் சரிசெய்ய முடியாது. 'அ' பிரிவில் தவறினால் 'ஆ', 'இ' பிரிவுகளும் சேர்ந்து போகும்படி அமைந்த வினா ஒரு பிழைக்கு மூன்று தண்டனை தருகிறது. எட்டில் ஏதேனும் ஐந்துக்கு விடையளிக்கச் சொல்லும் தாளில் அந்த எட்டும் ஒரே கடினத்தில் இல்லையென்றால், இரண்டு மாணவர்கள் இரண்டு வெவ்வேறு தேர்வுகளை எழுதிவிட்டு ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். பாடத்திட்டம் பகுத்தாய்வைப் பற்றிப் பேசும், வினாத்தாள் மனப்பாடத்தைக் கேட்கும். இதுவும் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இவற்றையெல்லாம் வரைவு நிலையில்தான் பிடிக்க முடியும், அதுவும் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரு புள்ளியியல் வினாத்தாளின் வரைவில் தரவு அட்டவணையின் கடைசி வரிசை விடுபட்டிருந்தது. விடைக்குறிப்போ முழு அட்டவணைக்கும் போடப்பட்டிருந்தது. துறையில் மூவர் பார்த்துக் கையொப்பமிட்ட வரைவு அது. எழுதியவர்களின் கண் அட்டவணையைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. வெளியாள் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை வராது, அவ்வளவுதான். அந்தத் தாள் அப்படியே அச்சாகியிருந்தால் தேர்வறையில் எத்தனை பேர் அந்த ஒரு வினாவில் ஒரு மணி நேரத்தைத் தொலைத்திருப்பார்கள்?

எனவே பணியை ஏற்பதற்கு முன்பு கேளுங்கள்: அடுத்த பருவத்திலிருந்து வினாத்தாள் வரைவும் விடைக்குறிப்பும் எனக்கு வருமா?

வெண்சுண்ணம் எழுதியது:

ஐயா சொல்வது விதிப்படி சரி. ஆனால் இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதை விளைவை வைத்துப் பார்க்க வேண்டும். புறத்தேர்வாளர் முறை மிக ஆழமாக வேரூன்றிய நாடு பிரிட்டன். இங்கிலாந்தில் 2010-11ல் முதல் வகுப்புப் பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ 16 விழுக்காடு. 2020-21ல் அது 37 விழுக்காட்டைத் தாண்டியது. அந்தப் பத்தாண்டில் தேர்வுக் குழுக் கூட்டங்களில் புறத்தேர்வாளர்கள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். மற்ற பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்க தரம் என்று எழுதிக் கையொப்பமும் இட்டார்கள். எல்லாத் தராசுகளும் ஒரே பக்கமாகச் சாயும்போது ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க முடியாது.

இன்னொன்று. அங்கே நடந்த ஓர் ஆய்வில் நான்கு துறைகளைச் சேர்ந்த அனுபவமுள்ள 24 தேர்வாளர்களிடம், துறைக்கு ஐந்தாக, மாணவர் கட்டுரைகளைக் கொடுத்துத் தரவரிசைப்படுத்தச் சொன்னார்கள். மொத்தம் 20 கட்டுரைகள். துறையின் ஆறு தேர்வாளர்களும் ஒரே இடத்தைத் தந்தது ஒரே ஒரு கட்டுரைக்கு. 'துறையின் தரம்' என்று ஒன்று எல்லார் மனத்திலும் ஒரே வடிவில் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுதும் நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கே ஆதாரம் இல்லையே?

மின்மினி எழுதியது:

ஆய்வு மாணவி என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். என் ஆய்வேட்டுக்கு வந்த அறிக்கைகளில் ஒன்று இயல்களின் தலைப்புகளைத் திருப்பிச் சொல்லி, 'பாராட்டத்தக்க முயற்சி' என்று முடிந்தது. மற்றொன்று மூன்றாம் இயலின் தரவுத் தேர்வையே கேள்வி கேட்டது. அவர் எழுப்பிய வினாக்களுக்குப் பதில் தேடித்தான் அந்த இயலைத் திரும்ப எழுதினேன். இன்று அந்த ஆய்வேட்டில் நான் துணிந்து காட்டும் பகுதி அதுவே. ஒரே பணி, ஒரே மதிப்பூதியம், இப்படி ஒரு வேறுபாடு. முதலாமவர் ஆய்வேட்டைப் படித்தாரா என்பதை யார் பார்க்கிறார்கள்?

படிப்பு முழுவதையும் பற்றிப் புறத்தேர்வாளர் எழுதும் ஆண்டு அறிக்கை மாணவர் கைக்கு வருமா? எங்கள் மதிப்பெண்ணைப் பற்றிய அறிக்கை எங்களைத் தவிர எல்லாருக்கும் போகிறது என்று தோன்றுகிறது.

நெடும்பாதை எழுதியது:

மின்மினி, வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பிரிட்டனில் தர உறுதி முகமை 2011ல் வெளியிட்ட நெறிமுறை இதைத் தெளிவாகவே சொன்னது: புறத்தேர்வாளரின் ஆண்டு அறிக்கை முழுமையாக மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும். விலக்கு ஒன்றுதான். நிறுவனத் தலைவருக்கு நேரடியாக, தனியே எழுதும் இரகசிய அறிக்கைக்கு மட்டும் அது பொருந்தாது. தேர்வாளரின் பெயரும் பணியிடமும்கூட மாணவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் தன் மதிப்பெண்ணைப் பற்றி மாணவர் அவரை நேரடியாகத் தொடர்புகொள்ளக்கூடாது. நியாயமான எல்லை என்றே நினைக்கிறேன்.

வெண்சுண்ணம், உங்கள் எண்களை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி புறத்தேர்வாளரின் பார்வைக்கே வராத இடத்தில் நடந்தது. பாட மதிப்பெண்களிலிருந்து பட்ட வகுப்பைக் கணக்கிடும் விதியைப் பல்கலைக்கழகம் மாற்றுகிறது: மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பாடத்தை விட்டுவிடலாம், கடைசி ஆண்டுக்குக் கூடுதல் எடை தரலாம் என்பது போல. ஒரே விடைத்தாள்கள், ஒரே மதிப்பெண்கள், ஆனால் கூடுதலான முதல் வகுப்புகள். பாடக் கட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கணக்கிடும் விதியையும் அவர் முன் வைக்க வேண்டும் என்பதற்கு இது வலுவான காரணம்.

செம்பரிதி எழுதியது:

செய்முறைத் தேர்வைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கேதான் நிலைமை மோசம். காலையில் வருகிறார், மாலைக்குள் இரண்டு பிரிவு மாணவர்கள், அகத்தேர்வாளர் முன்பே பென்சிலில் குறித்து வைத்த மதிப்பெண், கீழே இரண்டு கையொப்பங்கள். நான் புறத்தேர்வாளராகப் போனால் ஆய்வகத்துக்குள் நடந்துகொண்டே இருப்பேன். கருவியின் அளவைப் படிக்கும்போது பக்கத்தில் நின்று, "இந்த அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம்?" என்று கேட்பேன். பதிவேட்டை அழகாக எழுதியவர் யார், சோதனையைப் புரிந்து செய்தவர் யார் என்பது அந்த ஒரு கேள்வியில் பிரிந்துவிடும்.

தாள்கட்டு எழுதியது:

தேர்வுப் பிரிவு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அறிக்கைகள் எங்கே போகின்றன என்பதை நான் சொல்ல முடியும்.

எங்களிடம் முன்பு இருந்த படிவத்தில் பன்னிரண்டு வினாக்கள். எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று கட்டங்கள். ஏறக்குறைய எல்லா ஆண்டும் எல்லாக் கட்டங்களிலும் 'ஆம்'. கடைசியில் கருத்துக்கு மூன்று வரி இடம், அதில் 'திருப்திகரம்'. துறைக்கு ஒரு நகல், கோப்புக்கு ஒரு நகல், அத்தோடு முடிந்தது. கருத்தே எழுதாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் ஒரே குறையைத் தொடர்ந்து எழுதி வந்தார்: திருத்தியவர் விடைத்தாளில் ஏன் மதிப்பெண் குறைத்தார் என்று ஒரு குறிப்பும் இல்லை, இப்படி இருந்தால் நான் எதை வைத்துச் சரிபார்ப்பது? பதிலே போகவில்லை. பிறகு அவரும் 'திருப்திகரம்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

பிறகு ஒரு சிறிய மாற்றம் செய்தோம். புதிய கட்டோடு சென்ற ஆண்டு அறிக்கையையும், அதற்குத் துறை எழுதிய பதிலையும் சேர்த்து அனுப்பினோம். பதில் இல்லையென்றால் 'பதில் பெறப்படவில்லை' என்று அச்சிட்ட தாளை வைத்தோம். துறைகள் பதில் எழுதத் தொடங்கின. தேர்வாளர்களின் எழுத்தும் மாறியது. பக்க எண்ணோடு, விடைத்தாள் எண்ணோடு எழுதுகிறார்கள். யாரோ படிப்பார்கள் என்று தெரிந்தால் மனிதர் கவனமாக எழுதுகிறார்.

முல்லைவேலி அம்மா, உங்களுக்கு ஒரு யோசனை. சென்ற ஆண்டு அறிக்கையையும் அதற்கான பதிலையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் தரத் தயங்கினால் அதுவே உங்களுக்கு ஒரு செய்தி.

பனிக்காடு எழுதியது:

டென்மார்க் முறையையும் பார்க்கலாம். அங்கே புறத்தேர்வாளர்கள் துறைவாரியான குழாமாக இருக்கிறார்கள்; கல்வித்துறைக்கு வெளியே பணிபுரிவோரும் அதில் உண்டு. தனக்குத் தெரிந்தவரைத் துறைத்தலைவர் அழைத்துவிட முடியாது. படிப்பின் மொத்தக் கற்றல் அளவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வெளித்தேர்வாளர் பங்கேற்கும் தேர்வுகளால் உறுதிப்பட வேண்டும் என்பது அங்கே நெடுங்காலம் இருந்த விதி. அந்தத் தேர்வுகளில் மாதிரிக் கட்டு என்ற பேச்சே இருக்கவில்லை. ஆசிரியரும் வெளியாளும் ஒவ்வொரு மாணவரையும் சேர்ந்தே மதிப்பிட்டார்கள். உடன்பாடு வரவில்லையென்றால் இருவர் மதிப்பெண்ணின் சராசரி. அது மதிப்பெண் அளவுகோலின் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால், வெளியாள் கூடுதலாகத் தந்திருக்கும்போது மேல்படி, இல்லையென்றால் கீழ்ப்படி. அந்த நிலையில் கடைசிச் சொல் வெளியாளுடையது.

அமெரிக்காவில் இந்த முறையே பெரும்பாலும் கிடையாது. ஆனால் ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1922ல் தொடங்கிய சிறப்புப் பட்டத் திட்டத்தில் வெளித்தேர்வாளர்கள்தாம் தேர்வு வைக்கிறார்கள்.

வெண்சுண்ணம் எழுதியது:

டென்மார்க் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. குறைந்தது அங்கே வெளியாளுக்கு வேலை இருக்கிறது. மாதிரிக் கட்டைப் புரட்டிவிட்டுத் தரத்துக்குச் சான்று தருவதைவிட அது நேர்மையானது. முல்லைவேலி, கேட்டது கிடைக்கவில்லையென்றால் மறுத்துவிடுங்கள். நல்லவர்கள் கையொப்பமிடுவதால்தான் மோசமான ஏற்பாடுகள் நீடிக்கின்றன.

நெடும்பாதை எழுதியது:

பனிக்காடு சொன்ன முறைக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. கற்பித்தவரே மதிப்பிட வேண்டுமா, வேறொருவரா?

1832ல் நிறுவப்பட்ட டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆக்ஸ்போர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்தது. புதிதாய்ப் பிறந்த பல்கலைக்கழகத்தின் பட்டத்தை ஊர் நம்ப வேண்டுமே! கற்பித்தவர்களோடு அமர்ந்து வெளியாளும் பார்த்தார். 1857ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தேர்வு நடத்தும் அமைப்புகளாகத் தொடங்கின. கல்லூரி கற்பிக்கும், பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும். வகுப்பில் என்ன நடந்தது என்பதைத் தேர்வாளர் அறியார். அதில் ஒரு நடுநிலைமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது: அச்சிட்ட பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு வரி கற்பித்தாலும் அது மாணவருக்கு நட்டம் என்று ஆசிரியர் அஞ்சும் நிலை. ஆசிரியருக்குத் தன் மாணவரை மதிப்பிடும் உரிமையும் வேண்டும், அந்த உரிமையைக் கேள்வி கேட்கும் வெளிக்கண்ணும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே தருவது புறத்தேர்வாளர் முறைதான். அதனால்தான் அதன் குறைகளோடு அதைக் காக்க விரும்புகிறேன்.

வேண்டியவரையே அழைக்கும் பழக்கத்துக்கு விதிகளால் தடை போடலாம். நான் சொன்ன அதே 2011 நெறிமுறையில் இவை இருந்தன: பதவிக்காலம் நான்கு ஆண்டு, சிறப்புக் காரணம் இருந்தால் மட்டும் இன்னும் ஓராண்டு, ஒரே நேரத்தில் இரண்டு நியமனங்களுக்கு மேல் கூடாது, அதே நிறுவனத்துக்குத் திரும்ப வர ஐந்தாண்டு இடைவெளி வேண்டும், உன் துறைக்கு நான், என் துறைக்கு நீ என்ற பரிமாற்றம் கூடாது. கடைசி விதியை மட்டுமாவது எல்லா நாடுகளும் கடைப்பிடித்தால் பாதி நோய் தீரும். ஆய்வேட்டிலும் அப்படியே. நெறியாளர் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்தே தேர்வாளரை எடுக்கும் வரை மின்மினி சொன்ன முதல்வகை அறிக்கைகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

வெண்சுண்ணம் எழுதியது:

விதிகள் நல்லவைதாம். ஆனால் 24 பேர் உடன்படாததை அவை தீர்க்காது.

பனிக்காடு எழுதியது:

அதற்கும் ஒரு வழி முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்களின் கணக்கியல் ஆசிரியர்கள், பெயர் நீக்கிய மாணவர் படைப்புகளைத் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு கூடி அமர்ந்து ஏன் வேறுபட்டோம் என்று பேசினார்கள். பிரிட்டனிலும் புறத்தேர்வாளர்களுக்கு இத்தகைய பயிற்சி அளிக்கும் திட்டம் 2016ல் தொடங்கியது. நானும் அப்படி ஓர் அமர்வில் இருந்திருக்கிறேன். ஒரே கட்டுரை. நான் வாதத்தின் ஒழுங்கைப் பார்த்து உயர்த்தினேன், பக்கத்தில் இருந்தவர் சான்றுகளின் குறைவைப் பார்த்துத் தாழ்த்தினார். இருவருடைய மதிப்பெண் திட்டத்திலும் 'சிறந்த பகுப்பாய்வு' என்ற ஒரே சொற்றொடர்தான் இருந்தது. ஒரு மணி நேரம் பேசிய பிறகு முழு உடன்பாடு வரவில்லை. ஆனால் அடுத்த கட்டுரைகளில் இடைவெளி வெகுவாகக் குறைந்தது. புறத்தேர்வாளராகும் முன்பு ஒவ்வொருவரும் இதில் ஒருமுறையாவது உட்கார வேண்டும்.

முல்லைவேலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. துறைத்தலைவருக்கு எழுதினேன். வினாத்தாள் வரைவுகள், சென்ற ஆண்டு அறிக்கையும் பதிலும், பட்டத்தைக் கணக்கிடும் விதி, எல்லாவற்றையும் கேட்டேன். அடுத்த பருவத்திலிருந்து வரைவுகளை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். கணக்கிடும் விதி வந்துவிட்டது. அறிக்கை கிடைத்தது, அதற்குப் பதில் எதுவும் எழுதப்படவில்லை என்று நேர்மையாகவே சொன்னார்கள். வெண்சுண்ணம், அதனால் ஏற்றுக்கொண்டேன்.

கட்டும் வந்தது, நடந்து முடிந்த தேர்வின் வினாத்தாளோடு. ஐந்து பாடங்களில் நான்கு நன்றாக இருக்கின்றன. திருத்தியவர்களின் ஓரக்குறிப்புகள் தெளிவாக, மாணவருக்குப் பயன்படும்படி உள்ளன. ஐந்தாவதில் சிக்கல். இருவர் பகிர்ந்து திருத்தியிருக்கிறார்கள். ஒருவர் கட்டில் பெரும்பாலும் அறுபதுக்கு மேல், மற்றவர் கட்டில் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டி. விடைகளின் தரத்தில் எனக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. தேர்ச்சிக் கோட்டை ஒட்டி இரண்டாமவர் கட்டில் சிலர் நிற்கிறார்கள். கூட்டத்தில் இதை எப்படி வைப்பது? நேரம் இல்லை, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால்?

நெடும்பாதை எழுதியது:

கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். இன்றே துறைத்தலைவருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் எழுதுங்கள். இருவர் கட்டுகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் பரவலைக் கேளுங்கள். நீங்கள் பார்த்தது மாதிரி மட்டுமே, முழுக் கட்டிலும் அதே வேறுபாடு இருக்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும். விடைத்தாள்களை எந்த முறையில் பிரித்தார்கள் என்றும் கேளுங்கள். நன்றாகப் படிக்கும் பிரிவு முழுதும் ஒருவருக்கே போயிருந்தால் வேறுபாட்டுக்கு வேறு காரணம் இருக்கலாம். அப்படி இல்லையென்றால், இரண்டாமவர் திருத்திய எல்லாத் தாள்களையும் மூன்றாம் ஒருவர் பார்க்க வேண்டும். கோட்டை ஒட்டி நிற்கும் சிலரை மட்டும் தூக்கிவிடும் சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றால், இந்த ஆண்டு தேர்ச்சி பெறாமல் போகிறவர்களுக்கு அடுத்த ஆண்டால் பயனில்லை என்று சொல்லுங்கள். அந்தப் பாடத்தின் முடிவை மட்டும் நிறுத்திவைத்து, மற்ற நான்குக்கும் கையொப்பமிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. பணிவாகச் சொல்லுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

தாள்கட்டு எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று. வாயால் சொன்னது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பெரும்பாலும் வராது. உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் எடுத்துப் போய்த் தலைவரிடம் கொடுங்கள். அது குறிப்பில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். கையொப்பமிடும் பக்கத்தில் 'ஐந்தாம் பாடம் நீங்கலாக' என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். அலுவலகத்தில் எங்களுக்கு அது பெரிய உதவி. அந்த ஒரு வரி இருந்தால் அந்தப் பாடத்தின் முடிவை நாங்கள் வெளியிடவே முடியாது.

முல்லைவேலி எழுதியது:

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இருவர் கட்டுகளின் பரவலும் நாளை வரும் என்று தேர்வுப் பிரிவிலிருந்து பதில் வந்திருக்கிறது. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.